வீட்டில் ஒரு பிரெஞ்சு நாட்குறிப்பு

பள்ளியில் பிரெஞ்சு பயிலும் பிள்ளைக்கு, அம்மொழி அறியாத பெற்றோர் எங்ஙனம் துணைபுரிவது? இரவு உணவுக்குப் பின் நாள்தோறும் மூன்று வாக்கியங்கள் நாட்குறிப்பு எழுதச் செய்யுங்கள்.

‘நான் சென்றேன்’ என்பதைத் தமிழில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே சொல்வர். இந்தியிலோ ‘கயா’, ‘கயீ’ எனச் செவிக்கே வேறுபாடு புலப்படும். பிரெஞ்சில் இருவரும் ‘ழெ சுயி அலே’ என்றே ஒலிப்பர். பெண் எழுதுகையில் மட்டும் ஈற்றில் ஒலியாத ‘இ’ எழுத்தொன்று மிகும். செவி உணர்த்தாத இத்தகையவற்றைக் கை எழுதியே பழகவேண்டும்.

பிழைகளை ஆசிரியர் திருத்தட்டும். அன்பர்களே, தாங்கள் அருகமர்ந்து, எழுதியதன் பொருளைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிரெஞ்சும் வளரும், அயலூரில் நம் வீட்டுத் தமிழும் தேயாது, பிள்ளையின் அன்றாட மனமும் நமக்குத் தெரியவரும்.