பழைய ரிவால்வரும் பக்குவமான கைகளும்



துப்பாக்கியைப் பற்றி ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுதலாம் என்பதே என் எண்ணம். கத்தியை ஒளித்து வைத்துவிட்டால் மட்டும் பிள்ளைகள் கையை அறுத்துக்கொள்ளாமல் இருந்துவிடுவார்களா? ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது, எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டவனே எட்ட நிற்க வேண்டிய இடத்தில் எட்ட நிற்பான்.

அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், கவ்பாய் படத்துல பழைய துப்பாக்கியால சுடுறாங்களே, அதுல தோட்டாவ எங்க போடுவாங்க?" நல்ல கேள்வி. 1972-இல் வந்த 'கங்கா' படத்தில் ஜெய்சங்கர் குதிரையேறி வந்ததைப் பார்த்துக் கைதட்டிய பெற்றோர்களுக்கும் இந்தச் சந்தேகம் அன்றைக்கே வந்திருக்கும். பதிலைக் கேட்டால் வியப்படைவீர்கள். முதன்முதலில் வந்த ரிவால்வர்களில் இன்று நாம் நினைக்கிற தோட்டாவே கிடையாது! மருந்து தனி, ஈயக் குண்டு தனி, தீப்பொறி தரும் கேப்பு தனி. சுடுகிறவரே ஒவ்வொன்றாக இட்டு நிரப்ப வேண்டும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தப் பழைய ரிவால்வர்களைத் தேடிச் சேர்க்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பழைய மாதிரியில் புதிதாகச் செய்தவற்றை வாங்கி, சனி ஞாயிறுகளில் சுடுகளத்துக்குப் போய்ப் புகை கிளப்பிவிட்டு வருகிறவர்களும் உண்டு. அப்படி என்ன இருக்கிறது அதில்? பார்ப்போம்.

கல்கத்தாவுக்குப் போன கப்பல்

சாமுவேல் கோல்ட் என்பவர் 1814-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தவர். 1830-இல், பதினாறு வயதில், 'கோர்வோ' என்ற கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கப்பல் போன ஊர் எது தெரியுமா? நம் கல்கத்தா! அந்தப் பயணத்தில்தான் அவர் சுழலும் உருளை வைத்த துப்பாக்கிக்கு மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினார் என்பார்கள். 1836-இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

உடனே பணம் கொட்டிவிடவில்லை. பேட்டர்சன் நகரில் அவர் தொடங்கிய தொழிற்சாலை 1842-இல் மூடப்பட்டது. பிறகு மெக்சிக்கோவோடு போர் வந்தது. சாமுவேல் வாக்கர் என்ற படைத்தலைவர், பெரிய, வலுவான ரிவால்வர் வேண்டும் என்று கேட்டார். 1847-இல் அரசாங்கத்துக்காக 1,000 ரிவால்வர்களும் வெளியாருக்கென்று ஏறத்தாழ 100-ம் செய்யப்பட்டன. ஒவ்வொன்றும் இரண்டு கிலோ எடை! கேட்டு வாங்கிய வாக்கரோ அதே ஆண்டு அக்டோபரில் போர்க்களத்தில் மாண்டுபோனார். ஆயுதம் பெரிதாக இருந்தால் ஆயுளும் பெரிதாகிவிடுமா என்ன?

அந்த 'வாக்கர் கோல்ட்'தான் இன்று சேகரிப்பாளர்களின் கனவு. பெட்டியோடு நல்ல நிலையில் இருந்த ஒன்று 2018-இல் அமெரிக்க ஏலத்தில் 18 இலட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. பின்னால் வந்த 1851 நேவி, 1860 ஆர்மி ஆகிய இரண்டும் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. அதனால் அவை சற்று எளிதாகக் கிடைக்கின்றன. கோல்ட்டுக்குப் போட்டியாக வந்த ரெமிங்டன் ரிவால்வரில் உருளைக்கு மேலும் ஓர் இரும்புப் பட்டை உண்டு. கோல்ட்டில் அது கிடையாது. அதனால் ரெமிங்டன்தான் உறுதி என்பவர் ஒரு கட்சி, கையில் பிடிக்கக் கோல்ட்தான் வாகு என்பவர் இன்னொரு கட்சி. இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை!

நிரப்புவதே ஒரு தவம்

கறுப்பு வெடிமருந்து நமக்கு அந்நியமான சரக்கல்ல. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்ததுதான் அது. தீபாவளி வெடியின் வாடையை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வாடைதான்.

சுடுகிறவர் முதலில் உருளையின் ஒவ்வோர் அறையிலும் அளந்த மருந்தை இடுகிறார். அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலால் அழுத்துகிறார். குண்டு அறையைவிட ஒரு நூல் பெரிதாக இருக்கும். அதனால் உள்ளே இறங்கும்போது ஓரத்தில் மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவிக்கொண்டு வெளியே வரும். அந்த வளையம் வந்தால்தான் குண்டு இறுக்கமாக உட்கார்ந்தது என்று அர்த்தம். பிறகு குண்டின்மேல் கொழுப்புத் தடவுவார்கள். கடைசியாகத்தான் பின்பக்கக் காம்புகளில் கேப்பு மாட்டவேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? குண்டு தளர்ந்திருந்தாலோ, கேப்பு சரியாக உட்காராமல் இருந்தாலோ, ஓர் அறையின் நெருப்பு பக்கத்து அறைக்கும் தாவிவிடும். ஒன்று வெடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று சேர்ந்து வெடிக்கும். கை போய்விடும் அபாயம் உண்டு. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திருப்பிப் பார்க்கக்கூடாது. குழலை இலக்கின் பக்கமே நீட்டிக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். இக்காலத்துப் புகையில்லா மருந்தை அதில் இட்டால் உருளையே பிளந்துவிடும். "எல்லாம் மருந்துதானே" என்கிற அலட்சியம் அங்கே செல்லாது.

சுட்டு முடித்த பிறகும் வேலை முடிவதில்லை. கறுப்பு மருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவுமே தங்கும். அந்தக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்றுவிடும். ஆகவே அன்றைக்கே கழற்றி, வெந்நீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசிவைக்க வேண்டும். பால்வெட்டும் கத்தியைத் தீட்டித் துடைத்து வைக்காமல் படுக்கப்போகாத கைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அனைத்துலகப் போட்டிகளும் நடக்கின்றன. 1971 முதல் இயங்கிவரும் உலக அமைப்பு ஒன்று பழைய அசல் ரிவால்வருக்கு ஒரு பிரிவும், புதுப்படிக்கு ஒரு பிரிவும் வைத்திருக்கிறது. இலக்கு 25 மீட்டரில். 30 நிமிடத்தில் 13 முறை சுடலாம். சிறந்த 10 மட்டும் கணக்கில் சேரும். வேகமல்ல, நிதானமே அங்கே வெற்றி தரும்.

அசலும் படியும்

அசல் பொருளைச் சுட்டுத் தேய்க்க மனம் வராதவர்கள் புதுப்படியை வாங்குகிறார்கள். இவை பெரும்பாலும் வருவது அமெரிக்காவிலிருந்து அல்ல. வட இத்தாலியில் பிரெஷா நகரைச் சுற்றிய ஊர்களிலிருந்து வருகின்றன. அங்கே கார்டோனே என்ற பள்ளத்தாக்கு ஊரில் பல நூறு ஆண்டுகளாகத் துப்பாக்கி செய்வதே குடும்பத் தொழில். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய 1950-களின் கடைசியில், ஓர் அமெரிக்க வணிகர் அங்கே போய்ப் பழைய நேவி ரிவால்வரைப்போல் செய்து தரச் சொன்னார். உபெர்ட்டி நிறுவனம் அப்படித்தான் 1959-இல் பிறந்தது. பின்னால் பியெட்டா முதலியவையும் வந்தன.

ஒவ்வொரு துப்பாக்கியையும் அரசாங்கச் சோதனைச் சாலையில் சுட்டுப் பார்த்து முத்திரை குத்தியே வெளியே அனுப்புகிறார்கள். செய்த ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் அதிலே இருக்கும். 'ஏஏ' என்றிருந்தால் 1975. இந்த முத்திரையை அரத்தால் தேய்த்து அழித்து, துருவேற்றி, "தாத்தா காலத்து அசல்" என்று விற்கிற புரட்டர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் அனுபவசாலிகள் விலை பேசுமுன் எண்ணைப் பார்க்கிறார்கள். குழல், சட்டம், உருளை எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்கவேண்டும். ஓர் எண் மாறினாலும் மதிப்பு இறங்கிவிடும். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அசலைப் பளபளவென்று மெருகேற்றினால் விலை கூடாது, குறையும்! காலம் பூசிய நிறம் போனால் அதன் சரித்திரமும் போயிற்று என்பது அவர்கள் கணக்கு.

உருளையில் உள்ள படம்

வாக்கர் ரிவால்வரின் உருளையைச் சுற்றி ஒரு படம் செதுக்கியிருப்பார்கள். டெக்சஸ் குதிரைப்படையினர் கொமாஞ்சி மக்களைச் சுட்டு விரட்டும் காட்சி அது. 1844-இல் நடந்த சண்டை. கொமாஞ்சிகள் அந்த மண்ணின் பழங்குடிகள். 1875-இல் அவர்களின் கடைசிக் கூட்டமும் சரணடைந்து ஒதுக்கிவிடப்பட்டது. அழகான வேலைப்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகின் மறுபக்கத்தில் யாரோ ஒருவருடைய நிலம் இருக்கிறது. அதைத் தெரிந்து சேர்க்கிறவரே உண்மையான சேகரிப்பாளர்.

இன்னொரு மறுபக்கமும் உண்டு. அந்நாளில் உலகத்துக்கு வெடியுப்பு பெரும்பாலும் எங்கிருந்து போயிற்று? இந்தியாவிலிருந்து, அதிலும் பீகாரிலிருந்து. நோனியா என்ற தொழிலாள மக்கள் ஊர்மண்ணில் பூக்கிற உப்பைச் சுரண்டி, நீரில் கரைத்து, காய்ச்சி எடுத்தார்கள். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வட மாநில அரசாங்கம், டூபாண்ட் குடும்பத்து ஆள் ஒருவரை இங்கிலாந்துக்கு அனுப்பி 2,000 டன்னுக்கும் மேல் இந்திய வெடியுப்பை வாங்கியது. இடையில் இரு நாட்டுக்கும் மனஸ்தாபம் வந்து ஏற்றுமதியை ஆங்கிலேயர் நிறுத்தினார்கள். 1862 தொடக்கத்தில் பிணக்குத் தீர்ந்த பிறகே சரக்குக் கிளம்பியது. கோல்ட் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது. மண் சுரண்டியவர் பெயர் எந்த உருளையிலும் செதுக்கப்படவில்லை. இந்தக் கதை ரப்பர்க் காட்டு மக்களுக்குப் புதிதல்லவே!

ஒரு பள்ளிக்கூடத்தின் கண்ணீர்

1996 மார்ச் 13. ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற சிற்றூரின் தொடக்கப் பள்ளிக்குள் ஒருவன் நவீன கைத்துப்பாக்கிகளோடு நுழைந்தான். 16 பிஞ்சுகளும் ஓர் ஆசிரியையும் மாண்டார்கள். வகுப்பில் நிற்கிற எவருக்கும் இதை எழுதக் கை நடுங்கும். மறு ஆண்டே பிரிட்டன் இரண்டு சட்டங்கள் கொண்டுவந்து சாதாரணக் கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருப்பதைத் தடுத்துவிட்டது. முன்பக்கமாக மருந்து நிரப்பும் பழைய வகைக்கு மட்டும், அதுவும் போலீஸ் சான்றிதழோடு, இடம் விட்டது. அங்கே பலர் இந்தக் கறுப்பு மருந்து ரிவால்வருக்கு மாறியது அதனால்தான். அமெரிக்காவிலோ, 1968-ஆம் ஆண்டின் மத்திய சட்டம் 1898-க்கு முன்னும் அந்த ஆண்டிலும் செய்தவற்றையும், தோட்டா ஏற்காத இத்தகைய புதுப்படிகளையும் சாதாரணத் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆறு அறையை நிரப்பவே சில நிமிடங்கள் பிடிக்கிற கருவி இது என்பது உண்மை. ஆனால் மெதுவாக நிரப்பினாலும் குண்டு குண்டுதான். வாக்கர் காலத்தில் உயிரைக் குடித்தது போலவே இன்றும் குடிக்கும்.

நம் நாட்டிலோ சட்டம் மிகக் கடுமை. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். துப்பாக்கியோடு செய்யும் குற்றங்களுக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கொடிய தண்டனைகளை விதிக்கிறது. 2023-இல் கட்டாயத் தூக்கு நீக்கப்பட்டு நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டது. ஆனாலும் நீண்ட சிறையும் பிரம்படியும் காத்திருக்கின்றன. ஆகவே வெளிநாட்டு விளம்பரத்தைப் பார்த்து "அலங்காரப் பொருள்தானே" என்று யாரும் வரவழைத்துவிடாதீர்கள். காட்டிலோ கால்வாயிலோ பழைய துப்பாக்கி, குண்டு ஏதும் கண்டால் பிள்ளைகள் தொடக்கூடாது. பெரியவர்களிடம் சொல்லிக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

நாம் சேர்க்க வேண்டியது

துப்பாக்கி வேண்டாம். ஆனால் அந்தச் சேகரிப்பாளர்களின் பழக்கத்தை நாம் கடன் வாங்கலாம். பொருளை மெருகேற்றிக் கெடுக்காதே, எண்ணைப் பார், யார் கையில் இருந்தது என்று எழுதிவை. இந்த மூன்றுதான் அவர்களின் வேதம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்படும் நாளில் பாட்டியின் பால்வாளியும், தாத்தாவின் தேய்ந்த வெட்டுக்கத்தியும், நெற்றியில் கட்டிய விளக்கும் பழைய இரும்புக்காரனிடம் கிலோக் கணக்கில் போய்விடுகின்றன. கோல்ட்டின் மனைவி எலிசபெத் 1905-இல் மறைந்தபோது கணவரின் சேகரிப்பை ஹார்ட்ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்தார். இன்றும் அது அங்கே இருக்கிறது. நம் தாத்தாவின் கத்திக்கு அப்படி யார் எழுதிவைப்பார்கள்?

ஆகவே, வீட்டில் அப்படி ஒரு பொருள் இருந்தால் இந்த வாரமே ஒரு சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்திருந்தவர் பெயர், வேலை செய்த தோட்டம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று பிள்ளைகளின் கையாலேயே எழுதச் சொல்லிக் கட்டிவையுங்கள். துருவைச் சுரண்ட வேண்டாம், அப்படியே இருக்கட்டும். பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.