எக்ளேசியா: கூடியோரா, ஒதுங்கியோரா?

'எக்ளேசியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'உலகினின்று வெளியே அழைக்கப்பட்டோர்' என்று நம் மேடைகளில் பொருள் கூறப்படுகிறது. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே மறையுரை ஆற்றியவன்தான். வேர்களைப் பிரித்துக் காட்டுவது எளிது. ஆனால் சொல்லின் பொருளை வழக்கே நிறுவுகிறது.

வழக்கு என்ன? பழைய ஏதென்சில் குடிமக்கள் பினிக்ஸ் குன்றின்மேல் கூடிப் போரையும் அமைதியையும் முடிவு செய்த பேரவைக்கே அப்பெயர். சில தீர்மானங்களுக்கு 6,000 பேர் வேண்டியிருந்தது. பேச விரும்புவோர் யார் எனக் கட்டியக்காரர் கேட்பார். பின்னாளில், ஏழைகளும் வந்தமரப் படி வழங்கினர். திருத்தூதர் பணிகள் 19ஆம் அதிகாரத்தில் எபேசு அரங்கில் கூச்சலிட்ட கூட்டத்தையும் லூக்கா இச்சொல்லாலேயே குறிக்கிறார். அவர்கள் எவ்வுலகினின்று வெளியே அழைக்கப்பட்டனர்?

அப்படியானால் திருச்சபை மக்களாட்சி மன்றமோ எனச் சிலர் சினக்கலாம். அன்று. எழுபதின்மர் பெயர்ப்பு, கடவுள் கூட்டிய இஸ்ரயேல் சபையைக் குறிக்கும் 'காகால்' என்னும் எபிரேயச் சொல்லைப் பல இடங்களில் இவ்வாறே மொழிபெயர்த்தது. அங்கே பெரும்பான்மை வாக்கு இறைவார்த்தையை மாற்றாது. ஆயினும் ஏதென்சு பெண்களையும் அடிமைகளையும் அயலாரையும் புறத்தே நிறுத்தியது. நெகேமியா 8இல் திருச்சட்டம் வாசிக்கப்பட்ட சபையிலோ பெண்களும் நின்றனர். அடிமை, உரிமைக் குடிமகன் என்னும் வேறுபாட்டைக் கிறிஸ்துவில் பவுல் களைந்தார் (கலா 3:28). ஆகவே நம் சபை ஏதென்சினும் அகன்றதாக இருத்தல் வேண்டும்.

இருக்கிறதா? பங்குப் பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே உண்டு என்கிறது திருச்சபைச் சட்டம் 536. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆலோசனையே கேட்கப்படாத பேரவை எதற்கு? கணக்கு வாசிக்கப்பட்டதும் கைதட்டிக் கலைவது கூடுகையா? கோயிலைப் பெருக்க அழைக்கப்படும் பெண்கள் பேச அழைக்கப்படுகிறார்களா? 2023 அக்டோபரில் உரோமையில் ஆயர் மாமன்றத்திலேயே பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். நம் பங்கு மன்றத்திலோ அவர்கள் வாசலருகே நிற்கின்றனர்.

குற்றம் குருக்களுடையது மட்டுமன்று. "சாமியார் பார்த்துக்கொள்வார்" என்று வீட்டிலிருப்போரும் சபையைக் கலைப்பவரே. 'வெளியே அழைக்கப்பட்டோர்' என்னும் விளக்கம் இருசாராருக்கும் வசதியாயிற்று: உலகக் கவலையும் வேண்டாம், பொறுப்பும் வேண்டாம்.

1964இல் திருச்சங்கம் தன் 'திருச்சபை' ஏட்டில் இறைமக்களைப் பற்றி முதலிலும் ஆயர் ஆட்சியமைப்பைப் பற்றிப் பின்னரும் பேசியது. அந்த வரிசையை நம் பங்குகளிலும் காப்போம். அடுத்த கூட்டத்தில், பேச விரும்புவோர் யார் என்று முதலில் கேட்போம். பிறகு பொறுமையாய்ச் செவிமடுப்போம்.