அத்தை கேட்காமல் விட்ட கேள்வி

குமாரபாளையத்தில் இருக்கும் என் அத்தை எங்கே கிளம்பினாலும், வாசல் தாண்டும் முன் ஒரு தடவை உள்ளே திரும்பிப் போவார். கண்ணாடி முன் நின்று ஜாக்கெட்டைச் சரிசெய்வார். உள்ளே மடித்து வைத்திருக்கும் பழைய வேட்டித்துணி மேலே ஏறிவிட்டதா என்று பார்ப்பதற்குத்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு மார்பகப் புற்றுநோய். இடது மார்பை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். தறிப்பட்டறையில் மறுபடியும் தார் ஓட்டுகிறார். ஆனால், சொந்தக்காரர்கள் கல்யாணம் என்றால் மொய்ப்பணத்தை மட்டும் கொடுத்தனுப்பிவிடுவார்.

"எடுத்த மார்பைத் திரும்ப உருவாக்கலாம்னு அப்போ யாரும் சொல்லலையா அத்தை?" என்று போன வாரம் கேட்டேன்.

"யாரு கண்ணு சொல்லுவா? நானும் கேக்கல. உசுரு பொழைச்சதே பெருசு. புள்ளைங்களக் கட்டிக் குடுத்தவளுக்கு அழகு என்னத்துக்கு?"

இந்த 'அழகு' என்ற வார்த்தைதான் பல பெண்களின் வாயை அடைத்துவிடுகிறது.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், மார்பகச் சீரமைப்பு சிகிச்சையை இலவசமாகச் செய்யத் தனி கிளினிக் தொடங்கினார்கள். அழகு சிகிச்சை ஏழைகளுக்கும் ஏன் கிடைக்கக் கூடாது என்பது அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் சி.விஜயபாஸ்கரின் வாதம். உயிர்காக்கும் சிகிச்சைகளை விட்டுவிட்டு அழகில் கவனம் செலுத்துவதா என்று எதிர்ப்பும் வந்தது. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் 'அழகு' என்றே பேசினார்கள். ஆனால், புற்றுநோயால் மார்பை இழந்தவருக்கு இது சிகிச்சையின் ஒரு பகுதி. அமெரிக்காவில் 1998-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. மார்பை அகற்றும் ஆபரேஷனுக்குப் பணம் தரும் இன்ஷூரன்ஸ், அதைத் திரும்ப உருவாக்கவும் பணம் தர வேண்டும் என்கிறது அது.

சரி, எப்படிச் செய்கிறார்கள்?

வழி இரண்டு. ஒன்று, சிலிக்கான் இம்ப்ளான்ட் வைப்பது. 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில்தான் முதன்முதலில் ஒரு பெண்ணுக்கு இதை வைத்தார்கள். ஆபரேஷன் சிறியது, சீக்கிரம் எழுந்துவிடலாம். ஆனால், இது ஆயுளுக்கும் நிற்கும் என்று சொல்ல முடியாது. பின்னாளில் மாற்ற வேண்டி வரலாம். ரேடியேஷன் எடுத்தவர்களுக்குச் சிக்கல் வரும் வாய்ப்பும் அதிகம்.

இரண்டாவது, நம் உடம்பிலிருந்தே சதையை எடுத்து மார்பை உருவாக்குவது. முதுகுத் தசையையோ, அடிவயிற்றுச் சதையையோ பயன்படுத்துவார்கள். தொட்டால் இயல்பாக இருக்கும். ஆனால், ஆபரேஷன் பெரியது. தழும்பு இரண்டு இடத்தில். முதுகுத் தசையை எடுத்தால் தோளின் பலம் கொஞ்சம் குறையலாம். வயிற்றிலிருந்து எடுத்தால் சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. தறி ஓட்டுபவர், கோழிப்பண்ணையில் தீவன மூட்டை தூக்குபவர், தண்ணீர்க் குடம் சுமப்பவர் எல்லாம் தங்கள் வேலை என்ன என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்தத் தசையை எடுப்பது என்ற முடிவில் அதற்கும் பங்கு உண்டு.

உருவம் கிடைக்கும், பழைய தொடு உணர்வு பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது. இதையும் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். 'திரும்ப வைத்தால் கேன்சரும் திரும்ப வரும்' என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மை இல்லை. இந்த ஆபரேஷனால் நோய் திரும்பும் ஆபத்து கூடுவதில்லை.

எப்போது கேட்க வேண்டும்?

மார்பை எடுக்கும் முன்பே. சிலருக்கு அதே ஆபரேஷனில் சேர்த்தே செய்துவிடலாம். சிலருக்கு ரேடியேஷன் முடிந்து ஆறிய பிறகு செய்வது நல்லது. நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கவும் வாய்ப்பு உண்டு. டாக்டரிடம் கூச்சப்படாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். 'முழுதாக எடுத்தே ஆக வேண்டுமா? திரும்ப உருவாக்க முடியுமா, எப்போது? பிளாஸ்டிக் சர்ஜனை நான் பார்க்கலாமா?' முதல்வரின் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்த ஆபரேஷனும் அதில் வருமா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் விசாரியுங்கள்.

ஆபரேஷனே வேண்டாம் என்பவர்கள் பிராவுக்குள் வைக்கும் சிலிக்கான் மார்பகம் வாங்கலாம். கம்பளி நூலிலோ பருத்தி நூலிலோ பின்னியதும் உண்டு. சிலிக்கான் மார்பகம் மடித்த துணிபோல எளிதில் மேலே ஏறாது. எதுவுமே வேண்டாம், இப்படியே இருக்கிறேன் என்றால் அதுவும் சரியான முடிவுதான். ஆனால், எல்லாம் தெரிந்து 'வேண்டாம்' என்பது வேறு. யாரும் சொல்லாததால் கிடைக்காமல் போவது வேறு.

இதையெல்லாம் அத்தையிடம் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஆறு வருஷம் ஆயிருச்சே, இப்பவும் பண்ணுவாங்களா கண்ணு?" என்றார்.

வருஷங்கள் கழித்தும் செய்யலாம். ரேடியேஷன் எடுத்திருப்பதால் அத்தைக்குச் சொந்தச் சதைதான் பொருத்தமாக இருக்கும் என்று டாக்டர் சொல்லக்கூடும். ஆனால், நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

"அடுத்த வாரம் சேலம் போலாமா அத்தை?"

"பண்ணிக்கிறனோ இல்லையோ... கேட்டுட்டாச்சும் வந்துரலாம்" என்றார்.