காப்பாற்ற வந்தவனின் மனசு

கொடுங்கோல் ஆட்சியில் சாகிற ஜனங்களைக் காப்பாற்ற அந்நியப் படை நுழையலாமா என்ற பேச்சு நம்மிடையே வந்துவிட்டால், ஐந்தாவது நிமிஷத்தில் அது நுழைகிறவனின் யோக்யதை பற்றிய பேச்சாகிவிடுகிறது. அவனுக்கு எண்ணெய் வேண்டும், துறைமுகம் வேண்டும். ஆகவே நுழைந்தது அயோக்யத்தனம். அல்லது, அவன் ஜனநாயகவாதி, கையில் ஐ.நா. தீர்மானம் இருக்கிறது; ஆகவே சரி. இரண்டு கட்சிக்காரர்களும் பார்ப்பது படை அனுப்பியவனின் மனசைத்தான். செத்துக்கொண்டிருந்தவன் என்ன ஆனான் என்பது அடிக்குறிப்பு. ஒரு நாவலை அதன் ஆசிரியனின் உத்தேசத்தை வைத்து எடைபோடக் கூடாது என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்டவர்கள் நாம். அரசியல் என்றதும் உத்தேசம் தவிர வேறெதுவும் நம் கண்ணில் படுவதில்லை.

இதைக் கம்போடியாவை வைத்துப் பேசுவதே நல்லது என்று நினைக்கிறேன். உத்தேசம் பார்க்கும் வித்தை அங்கே தோற்றதைப்போல் வேறெங்கும் தோற்றதில்லை.

1975 ஏப்ரல் 17இல் கெமர் ரூஜ் படை ப்னாம் பென்னுக்குள் வந்தது. சில நாட்களில் நகரம் காலி. ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களையும் விடவில்லை, கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். பணம், சந்தை, பள்ளிக்கூடம், புத்த விகாரை எல்லாம் ஒழிக்கப்பட்டன. மூன்று வருஷம் எட்டு மாசம் இருபது நாள் என்று அந்நாட்டு மக்கள் நாள் தவறாமல் கணக்குச் சொல்கிறார்கள். சுமார் 80 லட்சம் பேர் இருந்த தேசத்தில் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர் வரை கொலையிலும் பட்டினியிலும் நோயிலும் போனார்கள். துவால் ஸ்லெங்கில் ஒரு பள்ளிக்கூடம் எஸ்-21 என்ற சிறையாயிற்று. அதற்குள் போனவர்கள் 12,000 பேருக்கு மேல். பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் ஓவியர் வான் நாத். போல் பாட்டின் முகத்தை அவரால் ஒத்த சாயலில் வரைய முடிந்தது. அதனால் விட்டுவைத்தார்கள்.

தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தாய்லாந்து எல்லைக்கு வந்த அகதிகள் சொன்னார்கள். அந்நாட்டில் வாழ்ந்து பழகிய பிரெஞ்சுப் பாதிரியார் பிரான்ஸ்வா போன்ஷோ 1977இலேயே புத்தகமாக எழுதினார். உலகத்திலேயே மனித உரிமைகளை மிக மோசமாக மீறுகிற ஆட்சி அது என்று 1978 ஏப்ரலில் கார்ட்டர் அறிக்கை விட்டார். அறிக்கையோடு சரி.

இங்கே நம் ஜாதிக்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். மால்கம் கால்ட்வெல், லண்டனில் பேராசிரியர், ஏகாதிபத்தியத்தை எதிர்த்து எழுதியவர். அந்தப் புரட்சியின் உத்தேசத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்தது, அகதிகளின் வார்த்தையில் இல்லை. 1978 டிசம்பரில் அழைப்பின் பேரில் ப்னாம் பென் போனார். போல் பாட்டைச் சந்தித்துப் பேசித் திரும்பினார். அன்றிரவே விருந்தினர் விடுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். செத்தவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. வெகு நேர்மையான மனிதர் என்றுதான் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் உத்தேசத்தை வாசிக்கிற வாசிப்பு ஒரு நேர்மையான மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன காட்டுவது?

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 25இல், வியட்நாம் படை ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களோடு பெரும் தாக்குதலைத் தொடங்கியது. 1979 ஜனவரி 7இல் தலைநகரம் விழுந்தது. நாடு தழுவிய அந்தக் கொலை இயந்திரம் நின்றது.

இப்போது மனசைப் பாருங்கள். சுத்தமானதா? கிடையவே கிடையாது. கெமர் ரூஜ் எல்லை தாண்டி வந்து வியட்நாம் கிராமங்களில் வெட்டிப்போட்டுக்கொண்டிருந்தது. 1978 ஏப்ரலில் பா சுக் கிராமத்தில் மட்டும் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். சீனா ஒரு பக்கம், சீனாவின் சிநேகிதன் மறுபக்கம் என்ற பயம் ஹனாய்க்கு. நவம்பரில் மாஸ்கோவோடு உடன்படிக்கை செய்துகொண்ட பிறகுதான் துணிந்தது. அதற்கு முன்பு, கொலை மும்முரமாக நடந்தபோது, சகோதரக் கட்சி என்று வாயை மூடிக்கொண்டிருந்ததும் இதே ஹனாய்தான். நுழைந்தபோதும் உண்மையைச் சொல்லவில்லை. கம்போடியரே எழுந்து ஆட்சியைக் கவிழ்த்துவிட்டதாகக் கதை சொன்னது. ஜனங்களைக் காப்பாற்ற வந்தோம் என்பது அதன் சட்ட வாதமாகவே இல்லை. பொய்யர்கள், சுயநலக்காரர்கள். கொலையை நிறுத்தியவர்களும் அவர்களே.

உலகம் என்ன செய்தது? ஓர் ஆட்சி அருவருப்பானது என்பதற்காக அந்நியர் புகுந்து கவிழ்க்கலாம் என்று ஒப்புக்கொள்வது மிக ஆபத்தானது என்று பாதுகாப்புச் சபையில் பிரான்சின் பிரதிநிதி பேசினார். படை வெளியேற வேண்டுமென்ற தீர்மானத்துக்கு 15 பேரில் 13 பேர் ஆதரவு. சோவியத் வீட்டோவால் விழுந்தது. பிப்ரவரி 17இல் சீனா வியட்நாமுக்குள் படையை அனுப்பியது. செப்டம்பர் 21இல் பொதுச்சபை, கம்போடியாவின் நாற்காலி போல் பாட்டின் ஆட்களுக்கே சேரும் என்று 71க்கு 35 என்ற கணக்கில் முடிவு செய்தது. ஆதரித்தவர்களில் கார்ட்டரின் அமெரிக்காவும் உண்டு. எந்த ஆட்சியை உலகத்திலேயே மோசமானது என்றாரோ அதே ஆட்சிக்கு! 1982க்குப் பிறகு சிஹானூக்கை முன்னால் நிறுத்திய கூட்டணி என்ற பெயரில் அந்த நாற்காலி நீடித்தது. கூட்டணியின் வெளிவிவகாரம் கெமர் ரூஜின் கியூ சம்பானிடம் இருந்தது. பின்னால் நீதிமன்றம் இனப்படுகொலைக்காகத் தண்டித்த அதே கியூ சம்பான். (1980இல் ஹெங் சம்ரின் அரசை இந்தியா அங்கீகரித்தது. சோவியத் முகாமுக்கு வெளியே அப்படிச் செய்தவர்கள் மிகச் சிலரே. அதிலும் மனசைத் தேடினால் மாஸ்கோ சிநேகம்தான் கிடைக்கும்.)

வியட்நாம் பத்து வருஷம் உட்கார்ந்துகொண்டதே என்பார்கள். வாஸ்தவம். 1989 செப்டம்பரில்தான் முழுசாக வெளியேறியது. எல்லையை அடைக்க கே-5 என்ற திட்டத்தின் கீழ் கம்போடிய விவசாயிகளைக் காட்டை வெட்ட இழுத்துப்போனார்கள். மலேரியாவிலும் கண்ணிவெடியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்த ஏற்பாட்டில் 1985இல் பிரதமரான ஹுன் சென் 2023இல் மகனுக்குப் பதவியைக் கொடுக்கும்வரை நகரவில்லை. இவை குற்றங்கள். ஆனால் என் நண்பர்கள் செய்கிற கழித்தல் கணக்கை நான் ஏற்கவில்லை. வெள்ளத்தில் போனவனைக் கரைக்கு இழுத்தவன் அவன் மடியையும் அவிழ்த்தான் என்றால், திருட்டுக்கு வழக்குப் போடுங்கள். இழுத்ததே தப்பு என்று சொல்ல நீங்கள் யார்? வெள்ளத்தில் இருந்தது நீங்கள் இல்லையே.

மறுகட்சிக்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. 2011 மார்ச் 17இல் லிபியா பற்றிய 1973ஆம் எண் தீர்மானம் நிறைவேறியது. 10 பேர் ஆதரவு. இந்தியா உள்பட 5 பேர் வாக்களிக்கவில்லை. சிவிலியன்களைக் காப்பது என்று சொல் சுத்தமாக, சட்டப்படி, காகிதத்தில் இருந்தது. இரண்டு நாளில் முதலில் குண்டு போட்ட விமானங்கள் பிரான்சுடையவை. 1979இல் ஆபத்து என்று எச்சரித்த அதே பிரான்ஸ். பெங்காசிக்கு அன்று ஆபத்து இருக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், இருந்தது. ஆனால் ஆகஸ்ட்டில் மிஸ்ராத்தாவின் ஆயுதக் குழுக்கள் தவர்காவுக்குள் புகுந்தபோது, அந்தக் கறுப்பு நிற மக்கள் சுமார் 40,000 பேரும் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டபோது, அவர்கள் சிவிலியன்களாக யார் கண்ணிலும் படவில்லை. கடாஃபி அக்டோபர் 20இல் கொல்லப்பட்டார். 31ஆம் தேதி, வேலை முடிந்தது என்று நேட்டோ கிளம்பிவிட்டது. வியட்நாம் போகாமல் உட்கார்ந்தது. இவர்கள் உட்காரவே இல்லை. 2014க்குள் ஒரு தேசத்துக்கு இரண்டு அரசுகள்.

இதிலிருந்து என்னால் ஒரு விதி உருவாக்க முடியாது. உருவாக்கினவர்களையும் நான் நம்புவதில்லை. எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இறையாண்மை பேசுகிறவர், அந்தப் படை வராவிட்டால் மறுநாள் யார் யார் உயிரோடு இருந்திருப்பார்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசட்டும். மனிதாபிமானம் பேசுகிறவர், படை வந்த மறுநாள் தெருவை யார் காப்பது, அரிசி யார் கொண்டுவருவது என்பதைச் சொல்லிவிட்டுப் பேசட்டும். இரண்டுக்கும் பதில் இல்லாத பேச்சு மனசைப் பற்றிய பேச்சுதான்.

துவால் ஸ்லெங் சிறையை ஹனாயும் அதன் ஆட்களும் 1980இல் மியூசியமாகத் திறந்தார்கள். படையெடுப்பு நியாயம்தான் என்று உலகத்துக்குக் காட்டத்தான், பிரசாரத்துக்குத்தான். அங்கேயே வேலைக்குச் சேர்ந்த வான் நாத், தான் பார்த்த சித்ரவதைகளை வரைந்து சுவரில் மாட்டினார். கைதிகளின் புகைப்படங்களும் வாக்குமூலக் காகிதங்களும் அங்கே பத்திரமாக இருந்தன. 2009இல் அந்தச் சிறையின் தலைவன் டூச் மீது வழக்கு நடந்தபோது அந்தக் காகிதங்கள்தான் கோர்ட்டுக்கு வந்தன. வான் நாத்தும் வந்து சாட்சி சொன்னார்.