வேருக்கு யார் கூலி தருவது?

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகிற வழியில் பூவம். இது புதுச்சேரி அரசு. கொஞ்சம் தள்ளினால் தமிழ்நாடு. இங்கே சீமைக் கருவேல நெற்றைத் தின்கிற ஆடு, அங்கே போய்ப் புழுக்கை போட்டால் போதும். அதிலுள்ள விதை முளைக்க எந்த அரசாணையும் வேண்டாம்!

1877 வாக்கில் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த முள்மரம். 'ஒழித்துக் கட்டு' என்று மேடையில் முழங்குகிறவர்கள், சிலிண்டர் வாங்க முடியாத வீட்டு அடுப்பை எட்டிப் பாருங்கள். அங்கே எரிவது இந்த விறகு. ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டுக் கரி சுட்டே பிழைக்கிற குடும்பங்கள் உண்டு.

அதற்காக விட்டுவிடலாமா? கூடாது. குளத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்குகிற மரத்தின் பயனைச் சொல்வது, வீட்டை ஆக்கிரமித்தவன் தினமும் வாசல் தெளிக்கிறான் என்று மெச்சுவது மாதிரி.

2017-ல் வெட்டச் சொன்ன உயர் நீதிமன்றமே, அதே வருடம் இடைக்காலத் தடையும் போட்டது. 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களுக்கென்றே கொள்கை வெளியிட்டது. சரி, ஏலம் எப்படி நடக்கிறது? பல ஊர்களில் குத்தகைதாரர் அடிமரத்தை வெட்டிக்கொண்டு போகிறார். விட்டுப்போன தூர் நாலாகத் துளிர்க்கிறது. லாபம் அவருக்கு, நஷ்டம் ஊருக்கு. இது என்ன கணக்கு சார்?

ஏலப் பத்திரத்திலேயே எழுதுங்கள்: வேரோடு எடுத்தால்தான் மரம் உனக்கு. அந்தக் குழியில் நாட்டு மரம் வை. விறகில் ஒரு பங்கு ஊர் அடுப்புக்கு. இதே ஷரத்து எல்லைக்கு அந்தப் பக்கமும் இருக்கட்டும்.

ஆடு இரண்டு அரசையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது.