நாற்பது புள்ளிகள்



இந்த மாதம் கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றால் உங்களில் சிலர் புருவத்தை உயர்த்துவீர்கள். விளையாட்டுச் செய்திகளுக்குத்தான் நாளேடுகளில் தனிப்பக்கம் இருக்கிறதே, இங்கேயும் எதற்கு என்பீர்கள். பந்தை உதைப்பவனை விட்டுவிடுவோம். பந்தைத் தொடாமலே, வெளியே நின்று, காசு கொடுத்து, மழையில் நனைந்து, தொண்டை கட்டிப்போய் வீடு திரும்புகிறானே ஒருவன், அந்த இரசிகனைப் பற்றியே பேச விரும்புகிறேன். அவன் அணி தொடர்ந்து தோற்கும்போது அவன் படும் துயரம் எளிதில் விளங்கும். அதே அணி சற்றே தேறத் தொடங்கும்போது அவன் உள்ளத்தில் நிகழ்வதுதான் எனக்கு விந்தையாய்ப் படுகிறது. துயரத்தைப் பழக்கத்தால் தாங்கிக்கொண்டவன், நம்பிக்கை தலைகாட்டியதும் நடுங்கிப்போகிறான்!

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள லெஸ்டர் என்னும் நகரம். காலுறை நெசவுக்கும் காலணித் தொழிலுக்கும் ஒரு காலத்தில் பேர்போன ஊர். 1972இல் உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்ட இந்திய வம்சாவளியினர், குறிப்பாகக் குஜராத்தியர், பெருந்தொகையாய் வந்து குடியேறிய ஊரும் அதுவே. அங்கே 1884இல் தொடங்கப்பட்ட கால்பந்துக் கழகம் ஒன்றுண்டு. லெஸ்டர் சிட்டி என்பது இன்றைய பெயர். இங்கிலாந்தின் முதல்நிலை லீக் பட்டத்தை அது நூற்றாண்டுக்கு மேலாக ஒருமுறையேனும் வென்றதில்லை. 1929இல் ஒரே ஒரு புள்ளி குறைந்து இரண்டாமிடம் பெற்றது. எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு 1949, 1961, 1963, 1969 என நான்கு முறை சென்று நான்கு முறையும் தோற்றது. இவ்வூரில் தகப்பனார் மகனைத் தோளில் ஏற்றி ஆட்டத்துக்கு அழைத்துச் செல்லும்போதே, அதிகம் எதிர்பார்க்காதே என்னும் பாடத்தையும் சேர்த்துத்தான் கொடுத்திருப்பார்.

நம்பிக்கை இவர்களை எப்படிக் கடித்தது என்பதற்கு ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். 2013 மே 12. அப்போது லெஸ்டர் இரண்டாம் நிலையில் இருந்தது. மேல்நிலைக்கு ஏறுவதற்கான தகுதிச் சுற்றின் அரையிறுதி, எதிரணி வாட்ஃபோர்டு. ஆட்ட நேரம் முடிந்து கூடுதல் நிமிடங்களும் தீரும் தறுவாயில் லெஸ்டருக்குத் தண்டனை உதை கிடைத்தது. கோலானால் இறுதி ஆட்டத்துக்குச் செல்லலாம். நோக்கார்ட் என்ற இளைஞர் உதைத்தார்; கோல்காப்பாளர் அல்முனியா தடுத்தார். திரும்பி வந்த பந்தை மறுபடியும் உதைத்தார், மறுபடியும் தடுத்தார். அங்கிருந்து பந்து மைதானத்தின் மறுகோடிக்குப் பறந்தது. நோக்கார்ட் தலையில் கைவைத்து நிமிர்வதற்குள் வாட்ஃபோர்டின் டீனி அதைக் கோலுக்குள் அடித்துவிட்டார். இருபது விநாடிகளுக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. இதைக் கண்ணால் கண்ட இரசிகன், அடுத்த முறை அணி தேறுகிறது என்று கேள்விப்பட்டால் துள்ளிக் குதிப்பானா, கதவைத் தாழிட்டுக்கொள்வானா?

அடுத்த ஆண்டே அந்த அணி 102 புள்ளிகளோடு இரண்டாம் நிலையில் முதலிடம் பெற்று மேலே வந்தது. மேல்நிலையின் கணக்கை அறியாதவர்களுக்காக இங்கே சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். இருபது அணிகள். ஆகஸ்டிலிருந்து மே வரை ஒவ்வோர் அணிக்கும் 38 ஆட்டங்கள். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமனுக்கு ஒன்று. இறுதியில் கடைசி மூன்று இடங்களில் இருப்பவை கீழ்நிலைக்குத் தள்ளப்படும். நாற்பது புள்ளிகள் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் தப்பிவிடலாம் என்பது வாய்வழக்கு. எளிய அணிகளின் இரசிகர்கள் ஆண்டு முழுவதும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பது இந்த நாற்பதைத்தான். கோப்பை, பட்டம் என்பவையெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகளின் பேச்சு.

மேலே வந்த லெஸ்டர் 2014 செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைட்டெட் என்னும் பேரணியை 5-3 என வீழ்த்தியது. ஊரே களிகூர்ந்தது. அதன்பின் தொடர்ந்து 13 ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை! கிறிஸ்து பிறப்பு விழாவின்போது 17 ஆட்டங்களில் பத்தே புள்ளிகள். பட்டியலில் கடைசி இடம். அந்தக் கடைசி இடத்திலேயே 140 நாட்கள் கிடந்தது. 29 ஆட்டங்கள் முடிந்தபோது 19 புள்ளிகள். எஞ்சியவை ஒன்பது ஆட்டங்கள். பாதுகாப்பான இடமோ ஏழு புள்ளி தூரத்தில். அறிவுள்ள எவரும் அந்நிலையில் நம்பியிருக்க மாட்டார்.

இங்கே ஒரு கிளைக்கதை. 1485இல் போரில் மடிந்த மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் 2012இல் இதே ஊரில், வாகனங்கள் நிறுத்தும் இடத்துக்கு அடியில் கண்டெடுக்கப்பட்டன. பிரான்சிஸ்கன் துறவிகளின் ஆலயம் முன்னர் இருந்த இடம் அது. பிரிவினைக்கு முற்பட்ட மன்னர் அவர். ஆகவே 2015 மார்ச் 23 அன்று, தொமினிக்கன் சபையாரின் திருச்சிலுவை ஆலயத்தில் கர்தினால் வின்சென்ட் நிக்கோல்ஸ் அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி நிறைவேற்றினார். 26ஆம் நாள் ஆங்கிலிக்கன் பேராலயத்தில் எலும்புகள் அடக்கம் செய்யப்பட்டன. அதற்குப் பின் வந்த முதல் ஆட்டத்திலிருந்தே அணி வெல்லத் தொடங்கியது! மன்னரின் ஆன்மா அமைதியுற்றதால்தான் அணிக்கு நல்ல காலம் பிறந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். திருப்பலியின் பலனை இப்படியெல்லாம் கணக்கிட நமக்கு அனுமதியில்லை, கேட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.

அந்த முதல் வெற்றி கிடைத்தது 2015 ஏப்ரல் 4. அன்று பெரிய சனிக்கிழமை. வெஸ்ட்ஹாம் அணியோடு 1-1 என்றிருந்தபோது, ஆட்டம் முடியும் வேளையில் ஆண்டி கிங் போட்ட கோல் அது. பிறகு எஞ்சிய எட்டு ஆட்டங்களில் ஆறு வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி. 41 புள்ளிகளோடு 14ஆம் இடத்தில் பருவத்தை முடித்தார்கள். நாற்பதைக் கடந்தாயிற்று. கோடைக்காலம் நிம்மதியாய்க் கழியும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஜூன் இறுதியில் மேலாளர் பியர்சன் நீக்கப்பட்டார். அவருக்குப் பதிலாய் வந்தவர் இத்தாலியர் ரனியேரி. அறுபதைக் கடந்தவர், சில மாதங்களுக்கு முன்புதான் கிரேக்க நாட்டு அணி, ஃபாரோ தீவுகள் என்னும் சின்னஞ்சிறு நாட்டிடம் சொந்த மண்ணில் தோற்றதால் வேலையிழந்தவர். இவரையா கொண்டுவந்தார்கள் என்று இரசிகர்களில் பலர் முணுமுணுத்தார்கள்.

ரனியேரியின் போக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வெற்றிமேல் வெற்றி வந்தபோதும் அவர் நாற்பது புள்ளிகளைத் தவிர வேறு பேச்சு பேசவில்லை. எதிரணியைக் கோலே போடவிடாமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் உங்களுக்குப் பீட்சா வாங்கித் தருவேன் என்று வீரர்களிடம் வாக்களித்தார். அக்டோபர் 24 அன்று அது நிறைவேறிற்று. உணவகத்துக்கு அழைத்துப்போனவர், மாவைப் பிசைந்து நீங்களே செய்துகொள்ளுங்கள், எதற்கும் உழைக்கத்தான் வேண்டும் என்றாராம். பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு இந்த முறை புதிதாயிராது.

வீரர்களும் பெரிய இடத்துப் பிள்ளைகளல்லர். முன்னணியில் ஆடிய ஜேமி வார்டி, எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டும் தாங்குபட்டைகளைச் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே சிறு அணிகளில் ஆடியவர். அவர் அந்தப் பருவத்தில் தொடர்ச்சியாகப் பதினோர் ஆட்டங்களில் கோல் போட்டுப் புதிய சாதனை படைத்தார். அல்ஜீரியாவுக்கு ஆடும் மாரெஸும், பிரான்சிலிருந்து வந்த காண்டேயும் அதுவரை பெரும்பாலோர் அறியாத பெயர்கள்.

2015 கிறிஸ்து பிறப்பு விழா. மீண்டும் 17 ஆட்டங்கள் முடிந்திருந்தன. சென்ற ஆண்டு அதே நாளில் பத்துப் புள்ளிகளோடு கடைசியில் கிடந்த அணி, இப்போது 38 புள்ளிகளோடு முதலிடத்தில் நின்றது! இரசிகன் அந்தப் பட்டியலை எப்படிப் பார்த்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். தலைகீழாய்ப் பிடித்திருக்கிறோமோ என்று ஐயுற்றிருப்பான். ஆயினும் வாய் திறந்து பட்டம் என்று சொல்ல அஞ்சினான். நாற்பதுக்கு இன்னும் இரண்டு புள்ளி வேண்டும் என்றே சொல்லிக்கொண்டான். அதற்கேற்றாற்போல், விழாவுக்கு மறுநாள் லிவர்பூலிடம் தோல்வி. அடுத்த இரண்டு ஆட்டங்களும் கோலின்றிச் சமன். இதோ, வழக்கம்போல் முடிந்தது கதை என்று பெருமூச்சு விட்டவர்கள் எத்தனை பேரோ!

இந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். நோய்ப்படுக்கையிலிருக்கும் தாயாருக்குக் காய்ச்சல் ஒரு பாகை இறங்கினால், மக்கள் அதை வாய்விட்டுச் சொல்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களே, அதைப் போன்றது இது. மறைக்கல்வியில் நாம் கற்ற நம்பிக்கை என்னும் புண்ணியம் வேறு. அது ஒருவருடைய வாக்குறுதியின்மேல் நிற்பது. கால்பந்து இரசிகனுக்கு எவரும் எதையும் வாக்களிக்கவில்லை. அவன் கண்ட சிறுசிறு தேற்றங்களையே ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி அதன்மேல் நிற்கிறான். அதனால்தான் கால் நடுங்குகிறது.

சூதாட்டக்காரர்களின் கணக்கோ வேறு. பருவத்தின் தொடக்கத்தில், லெஸ்டர் பட்டம் வெல்லும் என்று ஒரு பவுண்டு கட்டினால் ஐயாயிரம் தருவோம் என்று பந்தய நிறுவனங்கள் அறிவித்திருந்தன. சிலர் வேடிக்கையாய்க் கட்டியும் வைத்தார்கள். அணி முதலிடத்திலேயே நின்றுவிடவே நிறுவனங்கள் கலங்கி, இப்போதே ஒரு தொகை தருகிறோம், பந்தயத்தை விட்டுக்கொடுங்கள் என்றன. ஐம்பது பவுண்டு கட்டியிருந்த ஒருவர் 72 ஆயிரத்துச் சொச்சம் பெற்றுக்கொண்டு விலகினார். இறுதிவரை பொறுத்திருந்தால் இரண்டரை இலட்சம்! பலர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, வீட்டில் கடன் இருந்தால் யார்தான் கைக்கெட்டியதை விடுவார்? பந்தயமே கூடாது என்பது என் கருத்து, அது நிற்கட்டும். விற்கக்கூடிய நம்பிக்கைக்கும் விற்க முடியாத நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். காசு கட்டியவர் நடுவழியில் இறங்கிக்கொள்ளலாம். சிறுவயதிலிருந்து அதே இருக்கையில் உட்கார்ந்தவர் எங்கே இறங்குவார்?

2016 பிப்ரவரி 14 அன்று ஆர்சனல் அணியிடம் கூடுதல் நேரத்தின் ஐந்தாம் நிமிடத்தில் வாங்கிய கோலால் லெஸ்டர் தோற்றது. அடுத்த ஆட்டம் 27ஆம் நாள், நார்விச் அணியோடு. 89ஆம் நிமிடம் வரை கோலில்லை. அப்போது உல்லோவா ஒரு கோல் போட்டார். லெஸ்டர் பல்கலைக்கழக மாணவர்கள் அரங்குக்கு அருகிலிருந்த பள்ளியொன்றில் நிலநடுக்கத்தை அளக்கும் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். மக்கள் ஒருசேர எழுந்து குதித்ததில் அக்கருவி 0.3 அளவு அதிர்வைப் பதிவு செய்தது. நெடுநாள் அடக்கி வைத்த மூச்சு நிலத்தையே அசைத்திருக்கிறது!

அடுத்து ஒரு சமன். அதன்பின் நான்கு ஆட்டங்களும் 1-0, 1-0, 1-0, 1-0. இப்படிப்பட்ட வெற்றிகள் பார்ப்பவனின் ஆயுளைக் குறைப்பவை. மே 2 அன்று வேறிரு அணிகள் ஆடிய ஆட்டம் சமனில் முடியவே, லெஸ்டர் களத்தில் இறங்காமலே பட்டம் பெற்றது. 23 வெற்றி, 12 சமன், மூன்றே தோல்வி, 81 புள்ளிகள். நாற்பதின் இருமடங்குக்கும் ஒன்று அதிகம்.

அதன்பின் வந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்பது மாதங்களில் ரனியேரி நீக்கப்பட்டார். கழகத்தின் உரிமையாளரான தாய்லாந்துக்காரர் 2018 அக்டோபரில், அரங்கிலிருந்து புறப்பட்ட ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். அவரோடு மேலும் நால்வர் மாண்டனர். 2021இல், நான்கு முறை நழுவிய எஃப்.ஏ. கோப்பை ஒருவழியாய்க் கைக்கு வந்தது. 2023இல் அணி கீழ்நிலைக்கு இறங்கியது; 2024இல் ஏறியது; 2025இல் மறுபடியும் இறங்கியது. அந்தக் கடைசிப் பருவத்தில் சொந்த அரங்கில் தொடர்ந்து ஒன்பது லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை.

வீழ்ச்சி உறுதியான பிறகு, 2025 மே 18 அன்று, இப்ஸ்விச் என்னும் அணியோடு ஓர் ஆட்டம் மீதமிருந்தது. இப்ஸ்விச்சும் வீழ்ந்துவிட்ட அணிதான். இரண்டுக்கும் அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. 38 வயதான வார்டிக்கு அது கழகத்துக்காக ஆடும் ஐந்நூறாவது ஆட்டம், அதுவே கடைசியும். அதில் ஒரு கோல் போட்டார். இருநூறாவது கோல். அவர் வெளியேறும்போது மக்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினார்கள்.