துணைமருத்துவக் கல்வி தாழ்ந்ததோ?

மருத்துவப் பட்டப்படிப்பில் இடம் பெற்ற மாணவனை ஊரார் மாலையிட்டுப் போற்றுவர். அவ்வாண்டே ஆய்வுக்கூடப் பயிற்சிக்கோ, எக்ஸ்ரே பயிற்சிக்கோ, இயன்முறை மருத்துவத்திற்கோ சென்ற மாணவனை நோக்கி, "டாக்டருக்கு இடம் கிடைக்கவில்லையா?" என வினவுவர். கேட்போர் தீயரல்லர், பலர் அன்பினாலேயே கேட்கின்றனர். ஆயினும் அவ்வினாவினுள் ஒரு தீர்ப்பு அடங்கிக் கிடக்கின்றது. அத்தீர்ப்புத் தவறென்பதும், அத்தவறு பிற ஊர்களினும் பென்னாகரம் போன்ற ஊர்களையே மிகுதியாக வருத்துமென்பதும் எம் கருத்து.

துணைமருத்துவம் என்னும் பெயரே இம்மயக்கத்திற்கு ஒருவாறு காரணமாயிற்று எனலாம். யாம் தமிழ் பயில்வோர். ஆதலின் சொல்லாராய்ச்சியினின்று தொடங்குதலைப் படிப்போர் பொறுத்தருள்க. துணை ஆட்சியர், துணைத் தலைவர் என அலுவலகங்களில் வழங்கி வழங்கி, துணை என்பது தலைமைக்கு ஒரு படி கீழ்ப்பட்டது என்னும் பொருள் நம் நெஞ்சிற் படிந்துவிட்டது. பழந்தமிழில் அச்சொல் அத்துணைச் சுருங்கியதன்று. வழித்துணையாய் வருபவன் வழிச்செல்வோனுக்குத் தாழ்ந்தவனோ? வாழ்க்கைத்துணை இல்லறத்தின் பாதியன்றோ? திருக்குறளின் 45ஆம் அதிகாரம் பெரியாரைத் துணைக்கோடல் எனப் பெயர் பெற்றது. ஆண்டுத் துணையாவோர் அரசனினும் அறிவால் மிக்கோர். எனவே, குற்றம் சொல்லினுடையதன்று. அதனை நாம் கேட்கும் செவியினுடையது.

இனிப் பென்னாகரத்திற்கு வருவோம். இவ்வட்டம் ஒகேனக்கல் அருவியால் பெயர் பெற்றது. காவிரி ஒருபால் முழங்கி வீழ்ந்துகொண்டிருக்க, மேட்டு நிலத்து ஊர்கள் பல்லாண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரையே உண்டு வந்தன. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பாறையிலுள்ள புளூரைடு அந்நீரிற் கரைந்து வரும். குடிநீர் ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அஃதிருத்தல் தீது. பல் முளைக்குமுன் குழந்தை அந்நீரை அருந்தின், பின்னர் முளைக்கும் பல் பழுப்பும் வரியுமாய்த் தோன்றும். ஆண்டுகள் பல அருந்தினோர்க்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகும். கழுத்தைத் திருப்பவும் இயலாமற் போதலுண்டு. இறுகிய எலும்பை முன்போலாக்க மருந்தில்லை. நல்ல நீரே மருந்து. அதன்பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013இல் அது தொடங்கி வைக்கப்பெற்றது.

இந்நோயைக் கண்டறிவார் யார்? மேலோட்டமாய் நோக்கின் இது வயதானோர்க்கு வரும் மூட்டுவலி போலவே இருக்கும். குடிநீரையும் நோயாளியின் சிறுநீரையும் மின்முனைக் கருவியால் அளந்து புளூரைடின் அளவைச் சொல்பவர் ஆய்வுக்கூடப் பயிற்சி பெற்றவர். முன்கையின் ஈரெலும்புகளுக்கு இடையேயுள்ள சவ்வு சுண்ணாம்பேறியிருத்தல் இந்நோயின் சிறந்த அடையாளம். அதனைப் படத்திற் காட்டுபவர் எக்ஸ்ரே நுட்பர். கை சற்றே சாய்ந்திருப்பினும், கதிரின் அளவு பிழைப்பினும் அவ்வடையாளம் தெளிவுறாது. படம் பிழைத்தாற் பார்க்கும் மருத்துவர் என் செய்வார்? நோய் தெரிந்தபின், இறுகிய மூட்டுக்கு எஞ்சிய அசைவையேனும் காத்துத் தருபவர் இயன்முறை மருத்துவர். இம்மூவருள் யாரைத் தாழ்ந்தவர் என்று தள்ளுவது?

தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008இல் தொடங்கிற்று. சென்னை, வேலூர்க் கல்லூரிகளை நோக்க அது சிறியது, இளையது. ஆயினும் பென்னாகரத்து மாணவர் வீட்டிலிருந்தே பேருந்தில் சென்று வரத்தக்க அண்மையிலுள்ளது. இதன் அருமை, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிவேலைக்குச் செல்லும் பெற்றோரின் மக்களுக்கே நன்கு விளங்கும். தொலைவிலுள்ள விடுதிக்கு அனுப்ப அஞ்சும் தாய் தன் மகளை முப்பது கிலோமீட்டர் தொலைவிற்கு அனுப்ப இசைவாள். அம்மகள் நுட்பராகித் தன் வட்டத்திற்கே மீள்வாளாயின், நோயாளியின் பேச்சும் நாணமும் அச்சமும் அவள் அறியாதனவல்ல.

இது வெறுங்கனவன்று. இதே மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் அவர்தம் துணைவியார் மருத்துவர் லலிதாவும் 1993இல் ஓலைக் குடிசையில் மருத்துவப்பணி தொடங்கி, மலைவாழ் பெண்களையே பயிற்றி நலப்பணியாளராக்கினர். (துணைவியார் என்னும் சொல் ஈண்டும் தன் பழம்பொருளோடு நிற்றலைக் காண்க.) 2004 வரை தருமபுரியோடு ஒன்றாயிருந்த கிருஷ்ணகிரி மாவட்டத்திலேதான், 2021 ஆகஸ்டு 5இல், மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டம் தொடங்கப்பெற்றது. வீடு தேடிச் சென்று இயன்முறைப் பயிற்சி அளித்தலும் அதனுள் ஒன்று.

"படித்தபின் வேலை எங்கே?" என்பார் வினாவே மெய்யாக வலியுடைய வினா. இதற்கு யாம் மழுப்பி விடை கூற விரும்பவில்லை. பட்டம் பெற்றோர் பலர் தனியார் ஆய்வுக்கூடங்களிற் சொற்ப ஊதியத்திற்கு உழைக்கின்றனர். அரசுப் பணியிலும் ஒப்பந்த முறையில் நாள் எண்ணிக் காத்திருப்போர் உளர். பயிலாதாரும் பயின்றார் போல அமர்ந்து பணிபுரிதல் இவர்தம் ஊதியத்தை மேலும் தாழ்த்துகின்றது. இதனைத் தடுக்கவே நாடாளுமன்றம் 2021இல் சட்டமொன்று இயற்றி, தேசிய ஆணையமும் மாநில மன்றங்களும் பெயர்ப் பதிவேடும் அமைய வழி செய்தது. 2,000 மணி நேரத்திற்குக் குறையாத பயிற்சியும் வேண்டுமென்றது. சட்டம் ஏட்டளவில் நின்றமையால், இரண்டு மாதங்களுக்குள் இவற்றைச் செயற்படுத்துக என உச்சநீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ஆணையிட நேர்ந்தது. மூன்றாண்டுத் தாமதம் மருத்துவர்க்குரிய சட்டமாயின் பொறுக்கப்பட்டிருக்குமோ? எம்மால் நம்ப இயலவில்லை. பதிவேடு வேண்டும், அதனினும் முன்னதாக, வட்ட மருத்துவமனைகளில் நிலையான பணியிடங்கள் வேண்டும்.

தமிழ் மாணவர் என்னும் முறையில் இன்னுமொன்று. இப்படிப்புகள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. நோயாளியோ தமிழே அறிவார். 1847இல் யாழ்ப்பாணம் போந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றி, அதற்கென நூல்களையும் தமிழிற் பெயர்த்தார். அவர் வழங்கிய சொற்கள் பல இன்று வழக்கிறந்தன; முயற்சி இறக்கத்தக்கதன்று. மூச்சை அடக்குக, கையைத் திருப்புக, நேற்றிரவு என்ன உண்டீர் என்றாற்போலும் வழிமொழிகளும், சோதனையின் பயனை அச்சமின்றி விளங்கவைக்கும் சொற்களும் அடங்கிய சிறு கையேடு ஒன்றனை நம் கலாசாலைத் தமிழ்ப் பகுதியார் தொகுத்தல் இயலாததோ? தருமபுரி மாணவர் இருவரோ மூவரோ உடனிருந்து திருத்தின், வருகின்ற விடுமுறையிலேயே அப்பணியைத் தொடங்கலாம்.